மலையில் ஒரு கான்டெஸா: வீட்டு ஷெட்டிலேயே பாடி வேலை செய்ய முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் பழைய கான்டெஸா காரை வாங்கி நிறுத்திவிட்டு "பாடி வேலையை நாமே பார்த்துவிடலாமா" என்று கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பார்க்கலாம். ஆனால் கீழே கோவையில் ஒரு டிங்கர் (ஒடுக்கு எடுத்து பாடி வேலை பார்ப்பவர்) செய்கிற அதே வரிசையில் இங்கே செய்தால் போட்ட உழைப்பு இரண்டு மழைக்காலம் தாங்காது. அங்கே மொத்த வண்டியையும் ஒரே மூச்சில் தகடு தெரியச் சுரண்டிப் போட்டுவிட்டு, நிதானமாக ஒடுக்கு எடுத்து, அப்புறம் ஒருநாள் பிரைமர் அடிக்கலாம். இங்கே சாயங்காலம் பளபளவென்று விட்டுவிட்டுப் போன தகடு காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைச் சுற்றித்தான் வருகிறது: இன்றைக்கு எவ்வளவு தகட்டை மூட முடியுமோ அவ்வளவு மட்டும் இன்றைக்குத் திற. இன்ஜின், ஒயரிங், சீட் வேலை இதில் இல்லை. அம்பாசடர், பத்மினிக்கும் இதே முறை பொருந்தும். ஜீப்புக்குப் பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) இருப்பதால் 5-ஆம் பகுதி மட்டும் அவ்வளவாகத் தேவைப்படாது.

1. எந்த மாதம், எந்த நேரம்

குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வெளுத்து வாங்கும். கூடலூர் பக்கமும் ஊட்டிக்கு மேற்கேயும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு. ஏப்ரல், மே மாதத்தில் மதியத்துக்கு மேல் கோடை மழை. மீதி என்ன இருக்கிறது? ஜனவரி பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை. வெட்டுவது, வெல்டிங், தகட்டை ஈரம் படாமல் மூடும் எபாக்ஸி பிரைமர், பள்ளத்தை நிரப்பும் பட்டி எல்லாம் இந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டியவை.

பகுதிநேரமாகச் செய்கிறவருக்கு மொத்த வேலையும் ஒரே சீசனில் முடியாது, அது பரவாயில்லை. மழை மாதங்களில் ஆய்வு செய்வது, பிரிப்பது, தகடு வாங்கி வெட்டி வைப்பது, கதவு கைப்பிடி, பம்பர் போன்ற உதிரிகளைச் சுத்தம் செய்வது என்று பெயின்ட் உடையாத வேலைகளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதம் வந்ததும் நேராகக் கிரைண்டரைக் கையில் எடுக்கலாம்.

வேலையை நிறுத்தி வைக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஒன்று, பழைய பெயின்ட் உடையாமல் இருக்கும்போது. இன்னொன்று, எபாக்ஸி பிரைமர் முழுதாக அடித்துக் காய்ந்த பிறகு. பட்டி போட்டு நிறுத்துவதும் சாம்பல் நிற சர்ஃபேசர் (பட்டிக்கு மேல், தேய்த்துச் சமன் செய்வதற்கான பூச்சு) அடித்து நிறுத்துவதும் கூடாது. அவை இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். "பிரைமர் அடித்தாயிற்று, இனி தாங்கும்" என்று ஜூன் மாதம் சர்ஃபேசரோடு ஷெட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வண்டிகளை நிறையப் பார்க்கலாம். பெயின்ட் அடித்த அடுத்த வருடம் கொப்புளம் கிளம்புவது அந்த வண்டிகளில்தான்.

ஒரு நாளில் வேலை நேரம் காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று வரை. அதற்கு முன்னால் தகடு இரவுக் குளிரோடு இருக்கும், அதற்குப் பின்னால் பனிமூட்டம் இறங்கிவிடும்.

2. ஷெட், கரண்ட், கருவிகள்

தரை சிமென்ட்டாக இருக்கட்டும். மண் தரை என்றால் கெட்டியான பாலித்தீன் ஷீட்டை விரித்து மேலே பலகை போடுங்கள், ஏனென்றால் மண் இரவெல்லாம் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அது நேராக வண்டியின் அடிப்பாகத்தில் போய்ப் படியும். தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் காலையில் துளித்துளியாக நீர் கோத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வெயில் பட்டதும் அது சொட்டும். கூரை காயும்வரை எதையும் திறக்காதீர்கள். வண்டி மீது தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது. பழைய பருத்தி பெட்ஷீட் போதும்.

மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங்) மிஷினுக்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு மெல்லிய ஒயரில் எக்ஸ்டென்ஷன் இழுத்தால் வெல்டிங் நடக்கும்போது வோல்டேஜ் சரிந்து, கம்பி உருகாமல் தகட்டின் மேல் குவியும். மிஷினில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், கோளாறு ஒயரில் இருக்கும்.

கம்ப்ரஷர் விஷயத்தில் மலைக்காரர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மிஷின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு அந்த அளவுக்குக் கிடைக்காது. காற்றில் ஓடும் சாண்டரை மறந்துவிட்டு கரண்ட் சாண்டர் வாங்குங்கள், கம்ப்ரஷரை ஸ்ப்ரே கன்னுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பேனல் என்றால் 50 லிட்டர் டேங்க் சமாளிக்கும். டேங்கின் அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். நீர் வடிகட்டியைக் கம்ப்ரஷரின் வாயிலேயே மாட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். ஐந்தாறு மீட்டர் ஹோஸ் தாண்டி, காற்று குளிர்ந்த இடத்தில் மாட்டினால்தான் பிடிக்கும்.

மற்றபடி 4 இன்ச் கிரைண்டர், அதற்குத் துளைகளுள்ள கறுப்பு ஸ்ட்ரிப் டிஸ்க், ஃப்ளாப் டிஸ்க், மெல்லிய கட்டிங் டிஸ்க், டிங்கர் சுத்தியல் இரண்டு, டோலி (தகட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டி) இரண்டு, பிடித்து வைக்கக் கிளாம்ப் எத்தனை கிடைக்கிறதோ அத்தனை, எமரி தேய்க்க நீளமான கட்டை ஒன்று, குட்டைக் கட்டை ஒன்று. ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று கட்டாயம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு பக்கெட் தண்ணீரோடு.

3. கை வைப்பதற்கு முன் ஆய்வு

வண்டி வந்த அன்றே பிரிக்க ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. முழுதாக இருக்கும்போதே பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

நான்கு கதவுகளும் பானட்டும் டிக்கியும் மூடிய நிலையில் சுற்றிலும் உள்ள இடைவெளியை அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே எழுதிப் படம் எடுங்கள். கதவின் மேல்பக்கம் 4 மி.மீ., கீழ்ப்பக்கம் 9 மி.மீ. என்று வந்தால் கீல் தேய்ந்திருக்கலாம், பாடி நடுவில் தொங்கியும் இருக்கலாம். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல்.

அடுத்து காந்தம். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைப் பேனல் மேல் நகர்த்தினால், அது பிடிக்காமல் நழுவும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்புறம் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் எல்லா இடத்தையும் அழுத்திக் குத்துங்கள். நல்ல தகட்டில் 'டிங்' என்று கேட்கும், துருவில் 'பொத்'தென்று உள்ளே போகும். பாவப்பட்டு மெதுவாகக் குத்துவதில் பிரயோஜனம் இல்லை.

பார்க்க வேண்டிய இடங்கள்: முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் கீழ் இரண்டு மூலை, முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ் நுனி, கதவுகளின் அடி மடிப்பு, டயர் வளைவின் உள் மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, பின்சீட்டுக்கு அடியில், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஃபுட்போர்டு பெட்டி.

நம் ஊருக்கே உரிய இடம் ஒன்று தனியாக உண்டு. வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் ஜாலி இருக்கிறதே, அதைக் கழற்றி உள்ளே கை விடுங்கள். கற்பூர மரத்து இலையும் சில்வர் ஓக் இலையும் விழுந்து, அழுகி, கறுத்த டீத்தூள் சக்கை மாதிரி கை நிறைய வரும். அது வடிகால் ஓட்டையை அடைத்துக்கொள்ள, மழைநீர் வெளியே போக வழியில்லாமல் டிரைவர் காலடிக்குள் இறங்கும். இந்த அடைப்பை எடுக்காமல் கீழே புதுத் தகடு வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வந்த வழி அப்படியேதான் இருக்கும். அதனால் இதைச் சுத்தம் செய்வது முதல் நாள் வேலை.

ஆய்வின்போதே சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது அந்த நம்பரைப் பார்ப்பார்கள். கிரைண்டர் பட்டு அழிந்தாலோ பட்டிக்குள் புதைந்தாலோ நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது.

4. பிரிப்பது

பேட்டரி முதலில். அடுத்து பெட்ரோல் டேங்க். டேங்கைக் காலி செய்துவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கழற்றி, ஷெட்டுக்கு வெளியே தூரமாக வையுங்கள். கிரைண்டரும் வெல்டிங்கும் அதற்கு அப்புறம்தான்.

கண்ணாடிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் நனைத்த கெட்டித் துணியால் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் ஒட்டினால் புள்ளிப் புள்ளியாகப் பதிந்து நிற்கும், பாலிஷ் போட்டும் போகாது. கான்டெஸாவின் முன் கண்ணாடி இப்போது தேடி அலைய வேண்டிய பொருள். அதனால் பீடிங் ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கத்தியால் அறுத்து எடுத்துக் கண்ணாடியைக் காப்பாற்றுங்கள்.

ஸ்க்ரூ, போல்ட் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுகிற பழக்கம் வேண்டாம். ஒரு பாகத்துக்கு ஒரு பை, உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு. பென்சில் ஏன் என்றால் பேனா மை இந்த ஈரத்தில் கலைந்துவிடும். கதவுக் கீல்களைக் கழற்றுவதற்கு முன் அவற்றைச் சுற்றி ஸ்டீல் ஊசியால் கோடு கீறுங்கள், திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டுக்குள் வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

ஃபுட்போர்டு வேலை இருந்தால் கதவுகளை இப்போது கழற்றாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

5. தாங்கல் கொடுப்பது

புதியவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான், அப்புறம் திருத்தவே முடியாத இடமும் இதுதான். கான்டெஸாவுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, ஃபுட்போர்டு, கதவோரத் தூணான பில்லர், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகிறது. துருப்பிடித்த ஃபுட்போர்டை வெட்டி எடுத்த நொடியில் வண்டி நடுவில் லேசாகத் தொய்யும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் தொய்வு நிரந்தரமாகிவிடும், அதற்கப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தும்போது, எடை வழக்கமாக இறங்கும் இடத்தில், அதாவது முன்னால் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்திலும் பின்னால் ஆக்ஸிலிலும் தாங்கல் கொடுங்கள். பாடியின் நடுவில் ஸ்டாண்ட் வைத்தால் முன்னும் பின்னும் தொங்கும். தரை சரிவாக இருந்தால் (மலையில் எந்த ஷெட் சமமாக இருக்கிறது) நீர்மட்டம் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டுகளுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்துச் சமப்படுத்துங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

அடுத்து, 1 இன்ச் சதுரக் குழாயை வாங்கி, ஒவ்வொரு கதவு வாசலிலும் கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கத்துக்கு ஒன்று நேராக, ஒன்று மூலைவாட்டில் வெல்டிங் செய்யுங்கள். இடது பில்லரிலிருந்து வலது பில்லருக்கு ஒன்று குறுக்கே. கதவு மூடுவதற்கு இடைஞ்சல் இல்லாதபடி கொஞ்சம் உள்தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் புதுத் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து வைத்ததும் கதவை மூடிப் பார்த்து, 3-ஆம் பகுதியில் எழுதி வைத்த இடைவெளியோடு ஒப்பிட்ட பிறகுதான் முழு வெல்டிங்.

ஒரு பக்கத்து ஃபுட்போர்டு முழுதாக முடிந்த பிறகே அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டிப் போட்டவரின் வண்டியை நேராக்க எந்த டிங்கரும் முன்வர மாட்டார்.

6. பெயின்ட் எடுப்பது: ஒரு நாளைக்கு ஒரு பேனல்

காலை பத்து மணிக்கு ஒரு மட்கார்டை எடுத்தால் மூன்று மணிக்குள் அது எபாக்ஸிக்குள் போக வேண்டும். வெல்டிங் இருக்கிற பேனல் என்றால் ஒரு பாதி மட்டும். இந்தக் கணக்குக்கு ஒத்துவராத அளவுக்குப் பெரிய இடத்தைத் திறக்காதீர்கள்.

துளைகளுள்ள ஸ்ட்ரிப் டிஸ்க் பெயின்ட்டை எடுக்கும், தகட்டைத் தின்னாது. ஃப்ளாப் டிஸ்க் வேகமாகப் போகிறது என்று அதையே முழுப் பேனலுக்கும் பிடித்தால் தகடு மெலியும், சூட்டில் நெளியும். பானட், கூரை போன்ற அகலமான தகடுகளில் இது மன்னிப்பே இல்லாத தவறு. அப்புறம் நடுவில் அழுத்தினால் எண்ணெய் டின் மூடி போல 'டப் டப்' என்று அடிக்கும்.

ரசாயன பெயின்ட் ரிமூவரை மடிப்புகளும் இணைப்புகளும் உள்ள இடத்தில் தடவாதீர்கள். மடிப்புக்குள் புகுந்தது வெளியே வராது, புதுப் பெயின்ட்டை உள்ளிருந்து கிளப்பும். சுரண்டிய கழிவு, தின்னர், ஆசிட் எதையும் சாக்கடையிலோ தேயிலைத் தோட்டத்து வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம், அது கீழே யாரோ குடிக்கிற ஓடையில்தான் போய்ச் சேரும். டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

7. துருவை வெட்டுவது, தகடு தேர்வது

மேலே லேசாகப் படிந்த துரு என்றால் தேய்த்து எடுக்கலாம். அம்மைத் தழும்பு போல குழி விழுந்திருந்தால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைக் குழிகளில் மட்டும் தடவி, காய விடாமல் தேய்த்து, தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே ஹீட் கன்னால் காய வைக்க வேண்டும். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்ஸி பிடிக்காது. தகடு செதில் செதிலாக உரிந்தால் வெட்டத்தான் வேண்டும், தடவுகிற மருந்து எதுவும் வேலைக்கு ஆகாது.

துரு முடிகிற இடத்தில் வெட்டாதீர்கள். அதிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தாண்டி, நல்ல தகட்டில் வெட்டுங்கள். மெலிந்த ஓரத்தில் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். வெட்டும் மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக எடுங்கள், கூரான மூலையில் சூடு குவிந்து விரிசல் விடும்.

வெளித் தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய, பூச்சில்லாத இரும்பு) ஷீட் சரியாக இருக்கும், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. ஃபுட்போர்டின் உள் பலகை, தரையின் தாங்கு பட்டைகளுக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. "ஜி.ஐ. ஷீட் போட்டால் துருவே பிடிக்காது" என்று யாராவது சொல்வார்கள். வெல்டிங்கில் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிங்கும் பொத்தல் பொத்தலாக வரும். வேண்டாம்.

பழைய வண்டியிலிருந்து வெட்டிய மட்கார்டு, கதவு தேடுகிறவர்கள் சென்னை புதுப்பேட்டை வரை போகிறார்கள். போகும்போது காந்தத்தையும் எடுத்துப் போங்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த பாகத்தைவிட, பெயின்ட் போய்த் துரு வெளியே தெரிகிற பாகம் மேல்.

8. வெல்டிங்

மெல்லிய தகட்டுக்கு 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி. கேஸில் வெறும் சி.ஓ.2 சூடு அதிகம், பொறி அதிகம். ஆர்கான் கலந்தது மெல்லிய தகட்டில் கட்டுப்பாடாக ஓடும், ஆனால் சிலிண்டர் மேட்டுப்பாளையம், கோவை என்று கீழேயிருந்து வர வேண்டும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேஸ் இல்லாமல் ஓடும் பிளக்ஸ் கம்பி மலிவு, காற்றடிக்கும் திறந்த ஷெட்டில் அணையாது, ஆனால் பாடித் தகட்டில் புதியவர் கையில் ஓட்டை போடும்.

புதுத் தகட்டை அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்து, அதன்படி வெட்டி, ஓட்டையில் சரியாக உட்காரும்வரை ராவுங்கள். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். பெரிய இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பப் போனால் அத்தனை சூடும் தகட்டுக்குள் இறங்கும்.

இனி முக்கியமான விஷயம்: கோடு இழுக்கக் கூடாது. ஒரு புள்ளி, அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, அப்புறம் நடுவில், அப்புறம் அதற்கும் நடுவில். புள்ளி வைத்த இடத்தைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் அதன் பக்கத்தில் அடுத்த புள்ளி. இந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருக்கும், அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வேலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் போவது நல்லது. ஈரத்துணி வைத்துக் குளிர வைக்கிறார்கள் சிலர். எங்கள் குளிரில் தேவையே இல்லை, மடிப்புக்குள் நீர் புகுவதுதான் மிச்சம்.

தகட்டின் மேல் தகடு வைத்து ஒட்டும் இடங்களில், மேல் தகட்டில் 6 மி.மீ. ஓட்டை போட்டு அதற்குள் நிரப்பி வெல்டிங் செய்ய வேண்டும். ஒட்டும் இரண்டு முகங்களுக்கும் வெல்டிங் சூட்டைத் தாங்கும் வெல்ட்-த்ரூ பிரைமர் அடித்து, ஓட்டைக்குள் மட்டும் சுரண்டி விடுங்கள். இந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் அப்புறம் எந்த பிரஷ்ஷும் போகாது.

வெல்டிங் ஆரம்பிக்கும் முன் மறுபக்கத்தைப் போய்ப் பாருங்கள். கார்ப்பெட் தங்கியிருக்கும், தார் ஷீட் ஒட்டியிருக்கும், பழைய ஒயர் தொங்கும். தார் ஷீட் மெதுவாகப் புகைந்துகொண்டே இருந்து, நீங்கள் சாப்பிடப் போன பிறகு பற்றும். வெல்டிங் முடித்து ஒரு மணி நேரமாவது ஷெட்டை விட்டு நகராதீர்கள்.

9. ஒடுக்கு எடுப்பது

பட்டிக்கு முன் தகடு தன்னாலேயே முக்கால்வாசி சரியான வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும். பள்ளத்தின் நடுவில் உள்பக்கமிருந்து ஓங்கி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது, அதில் தகடு நீண்டு மேடாகிவிடும். பள்ளத்தைச் சுற்றி ஒரு வரப்பு எழும்பியிருக்கும், கையை வைத்துத் தடவினால் தெரியும். உள்பக்கம் பள்ளத்துக்கு நேராக டோலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே வரப்பின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். வரப்பு இறங்க இறங்கப் பள்ளம் தானாக மேலே வரும். டோலிக்கு நேர் மேலே அடிப்பது கடைசியில், சின்னச் சின்ன மேடுகளுக்கு மட்டும்.

கண்ணைவிட உள்ளங்கை நம்பகமானது. மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, நீளவாக்கில் முழுக் கையையும் தடவிப் பாருங்கள்.

10. எபாக்ஸி பிரைமர்

இந்த நாள் முழுக்க ஓடியது இதற்காகத்தான். தகட்டை கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். ஒரு துணியில் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கும். அதன் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

இப்போது மீட்டரைப் பாருங்கள். இரும்பின் மேல் பெயின்ட் அடிப்பவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் விதி: தகட்டின் வெப்பம், காற்றில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கவே கூடாது. பனி படியும் வெப்பநிலைக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. நூறிலிருந்து ஈரப்பத எண்ணைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வருவதைக் காற்றின் வெப்பத்திலிருந்து கழிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் காற்று 14 டிகிரி, ஈரப்பதம் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-ஐ ஐந்தால் வகுத்தால் 5, அதாவது 9 டிகிரியில் பனி படியும். இரவெல்லாம் குளிர்ந்த தகடு அப்போதும் 9 டிகிரியில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல் அடிக்கிறீர்கள். பதினொரு மணிக்குக் காற்று 19, ஈரப்பதம் 60 என்றால் 11 டிகிரி, தகடு 16-க்கு வந்திருக்கும், தாராளமாக அடிக்கலாம்.

தகட்டின் வெப்பத்தை அளக்கக் கருவி இல்லையா? ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் அது காயாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

எபாக்ஸி டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் பெரும்பாலும் 20, 25 டிகிரிக்கானது. பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கணக்கு வையுங்கள். ஜனவரி இரவில் அது காய்வதே நின்றுவிடும், அதனால் அடித்த பேனலுக்கு ஒரு மீட்டர் தள்ளி பழைய ஹாலஜன் லைட்டை இரவு எட்டு மணி வரையாவது எரிய விடுங்கள், ஆனால் தின்னர் வாடை முழுக்கப் போன பிறகு. விறகு, கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், ஷெட்டில் தின்னர் ஆவி நிற்கும்போது அது தற்கொலை.

ஆசிட் கலந்த எட்ச் பிரைமரை அடித்து அதன் மேல் எபாக்ஸியோ பட்டியோ போடாதீர்கள், இரண்டும் சேராது. ஏதாவது ஒன்றுதான், இந்த ஈரத்துக்கு எபாக்ஸிதான்.

11. இணைப்புப் பசை, அப்புறம் பட்டி

எபாக்ஸி காய்ந்ததும் தகடுகள் சேரும் கோடுகளில் பாலியூரிதேன் சீலர். வெறும் தகட்டில் சீலர் போட்டால் அடியில் துரு ஓடும். தரையில் நீர் வடியும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது வழக்கமான தவறு, தீக்குச்சி செருகி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பட்டி எபாக்ஸியின் மேல்தான். 80 நம்பர் எமரியால் மேலே லேசாகக் கீறிவிட்டுப் போடுங்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் மறுபடி சுத்தியலை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் இரண்டு, மூன்று சதவீதம். குளிரில் இறுகத் தாமதமாகிறது என்று பிசையும்போது கூடுதலாகப் பிதுக்குகிறார்கள். அந்த மிச்ச ஹார்டனர் மேலே ஏறிவந்து வெளிர் நிறப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாக நிற்கும். ஹார்டனரைக் கூட்டாமல் தகட்டைச் சூடாக்குங்கள், பட்டி டப்பாவை அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள்.

இனி சொல்லப்போவதை ஊரில் எந்தப் பெயின்டரிடம் சொன்னாலும் சண்டைக்கு வருவார். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. வாட்டர் பேப்பர் போட்டு வழிய வழியத் தேய்ப்பதுதான் பழக்கம், தூசி பறக்காது, எமரி அடைக்காது, எல்லாம் உண்மைதான். ஆனால் பட்டி அந்த நீரைக் குடிக்கும். கோவை வெயிலில் அது ஒரு மதியத்தில் வெளியேறிவிடும். கோத்தகிரியில் மூன்று நாள் கழித்தும் உள்ளே இருக்கும், அதன் மேல் சர்ஃபேசர் அடித்துப் பூட்டிவிட்டால் வெயில் காலத்தில் கொப்புளமாகக் கிளம்பும். மாஸ்க் போட்டுக்கொண்டு உலர்வாகவே தேயுங்கள். 80-ல் வடிவம், 150-ல் சமன், 240-ல் முடிப்பு. எமரியை விரலில் பிடிக்காமல் கட்டையில் சுற்றி, மூலைவாட்டில் இரண்டு திசையிலும். விரலில் பிடித்தால் பட்டியின் ஓரம் பள்ளமாகும்.

12. சர்ஃபேசரும் கட்டைத் தேய்ப்பும்

சர்ஃபேசர் இரண்டு மூன்று கோட், நடுவில் காய நேரம் விட்டு. காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்ப்ரே டப்பாவை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூவுங்கள், மூடிவிடாமல் புள்ளி புள்ளியாக. பிறகு நீளக் கட்டையில் 320 சுற்றித் தேய்க்கும்போது மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். கறுப்பு போகவில்லை என்று அந்த இடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் பெரிதாகும். அங்கே இன்னும் கொஞ்சம் பட்டியோ சர்ஃபேசரோ வேண்டும். கான்டெஸாவின் பக்கவாட்டு நீளமாக, தட்டையாக, ஒரே கோடாக ஓடுகிறது. அந்தக் கோட்டில் ஒரு அலை இருந்தாலும் தெருமுனையிலிருந்தே தெரியும், அதனால் கதவுகளைத் தனித்தனியாகத் தேய்க்காமல், மாட்டிய நிலையில் மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை ஒரே ஓட்டமாகத் தேயுங்கள்.

எங்காவது தகடு வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி எபாக்ஸி, அன்றைக்கே.

13. கடைசிப் பெயின்ட்

இதை மட்டும் கீழே ஒரு பெயின்ட் பூத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஹார்டனர் கலந்த 2கே பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலில் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இல்லாமல் வீட்டு ஷெட்டில் அடிக்கக் கூடாது. எபாக்ஸிக்கும் சர்ஃபேசருக்கும்கூட டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, குறைந்தது கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள். சர்ஃபேசரோடு வண்டியை இறக்கும்போது லாரியில் ஏற்றி, உலர்ந்த நாளாகப் பார்த்து அனுப்புங்கள்.

14. மெழுகு, மாட்டுவது, தண்ணீர்ச் சோதனை

ஃபுட்போர்டு பெட்டி, கதவு அடி, பில்லர் உள்பக்கங்களில் அடிக்கும் மெழுகு பெயின்ட்டுக்கு அப்புறம்தான். முன்னால் அடித்தால் மெழுகு கசிந்து, பெயின்ட் அந்த இடத்தில் மீன் கண் போல விலகி நிற்கும். ஆனால் மறந்துவிடவும் கூடாது, வெல்டிங்கில் உள்பக்கப் பூச்சு முழுக்க எரிந்திருக்கும். நீளமான குழாய் நாசில் வைத்து, வடிகால் ஓட்டை வழியாக மெழுகு சொட்டும்வரை அடித்து, சொட்டு நின்றதும் ஓட்டையைக் குத்தித் திறந்துவிடுங்கள்.

பீடிங் ரப்பர்கள் எல்லாம் புதிதாக. கண்ணாடியை மாட்டும்போது ரப்பரின் விளிம்பை இழுத்துவிடச் செருகும் நூலுக்கும் ரப்பருக்கும் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும்.

கார்ப்பெட், சீட் போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்துக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பீடிங்காக, ஐந்து ஐந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடத்திலும் வழிந்து எது கசிகிறது என்று தெரியாது. கடைசியாக வைப்பருக்குக் கீழுள்ள ஜாலியில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, அது இரண்டு பக்கமும் முன் டயருக்குப் பின்னால் தரையில் கொட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொட்டினால் கார்ப்பெட்டை இன்னும் போடாதீர்கள்.